பாண்டி என்றால் பாண்டிச்சேரி அல்ல



தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். ஷேர் ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டை ஸ்டேஷன். அங்கிருந்து மின்ரயிலில் எட்டாவது நிறுத்தம் மாம்பலம். ரங்கநாதன் தெருவில் இடிபட்டு, உஸ்மான் சாலையைக் கடந்து, பனகல் பூங்காவைத் தாண்டிப் பாண்டி பஜாருக்குப் போய்ச் சேருவார்கள். அங்கே பையும் கையுமாக நிற்பவரிடம் "பாண்டி என்றால் யார்?" என்று கேட்டால், "பாண்டிச்சேரிக்காரங்க கடை வச்சிருந்த இடமாம்" என்று பதில் வரும்.

முறையான பெயர் சவுந்தரபாண்டியனார் அங்காடி. வாய்வழக்கில் சவுந்தரம் உதிர்ந்து பாண்டி மட்டும் மிஞ்சியது. மக்கள் வாயில் பெயர் தேய்வது இயல்புதான்; அதற்கு யாரையும் கோபிக்க முடியாது. ஆனால் 2019 நவம்பரில் சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில், பொலிவுறு நகரத் திட்டத்தில், அகலமான நடைபாதை வளாகத்தைத் திறந்தபோதும் "பாண்டி பஜார்" என்றே விழா எடுத்தார்களே, அதை எப்படி ஏற்பது?

அங்காடி இருக்கும் தியாகராய நகரின் வரைபடமே நீதிக்கட்சியின் வருகைப் பதிவேடு. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த அந்த நகருக்குப் பெயர் தந்தவர், 1920-இல் தேடி வந்த முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்ற சர் பிட்டி தியாகராயர். பூங்கா, நகர் எழுந்தபோது ஆட்சியிலிருந்த பனகல் அரசரின் பெயரில். பெரிய சாலை, 1934-இல் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மான் பெயரில். வெங்கட்நாராயணா சாலைப் பூங்கா டாக்டர் நடேசனாருக்கு. தியாகராயர் "தி." ஆகச் சுருங்கியதைத் தவிர, இவர்கள் பெயரெல்லாம் ஓரளவு முழுசாகவே பிழைத்துவிட்டன. ஆளே அடையாளம் தெரியாதபடி வெட்டுப்பட்டவர் சவுந்தரபாண்டியனார்தான்.

அவர் சாதாரண ஆளா? 1893-இல் பிறந்தவர், பட்டிவீரன்பட்டிக்காரர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானம் வந்தது அந்த மாநாட்டில்தான். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக அவர் செய்த காரியம் இன்னும் பெரிது. அந்தக் காலத்துத் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மாட்டார்கள். ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். முதலாளியின் மனம் மாறும்வரை காத்திருக்கவில்லை. பிழைப்பில் கை வைத்தார்.

இந்தத் தெருவின் பழைய கதை கேட்டால், 1982 மே மாதம் ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் இங்கே சுட்டுக்கொண்டதைப் பலரும் சொல்வார்கள். நாகேஷ் தியேட்டரையும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். தெருவுக்குப் பெயர் கொடுத்தவரைத்தான் தெரியாது.

பெயரைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன என்று தி.நகர்க்காரர்கள் கேட்கலாம். பாரதக் கதையின் தலைநகரின் பெயரை எங்கள் பேட்டைக்குச் சூட்டிக்கொண்டவர்கள் நாங்கள். பக்கத்துக் குரோம்பேட்டையோ ஒரு குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரை இன்றுவரை ஓரெழுத்துக் குறையாமல் காப்பாற்றி வருகிறது. ஒரு தொழிற்சாலைக்குக் கிடைத்த மரியாதை ஒரு மனிதருக்குக் கிடைக்கக் கூடாதா?

"பாண்டி பஜார்" என்று சொல்வதைத் தடுக்கச் சொல்லவில்லை, தடுத்தாலும் நடக்காது. அரசு அறிவிப்பிலும் வழிகாட்டிப் பலகைகளிலும் முழுப் பெயர் முதலில் வரட்டும். நடைபாதையில் ஒரு கருங்கல் பலகை, அதில் அவரைப் பற்றி நான்கு வரி. இரு சக்கர வாகனங்கள் ஏறி நிற்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், அதுதான் கொஞ்சம் சிரமம். பஸ் உத்தரவைப் பற்றிய வரி மட்டும் விடுபடக் கூடாது. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில் அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தினாபுரம்.