வாசகர் கேள்வி: மினி கம்ப்யூட்டரைத் தேற்றலாமா, தூக்கிப் போடலாமா?

“எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவின் கணக்கு வழக்குகளுக்காக, போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கினோம். ஐ5, ஆறாம் தலைமுறை, 4 ஜி.பி ரேம், 500 ஜி.பி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் வேலை செய்ய விடுகிறது. போன மாதம் திடீரென்று கரன்ட் போனதில், கடலைக் கொள்முதல் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. துண்டுச் சீட்டுகளைத் தேடி எடுத்து மறுபடியும் எழுதினோம். ‘இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்’ என்கிறார் கடைக்காரர். உறுப்பினர்களின் பணம் என்பதால் முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”

- வாசகி ஒருவர், பொன்னமராவதி, புதுக்கோட்டை மாவட்டம்.

தூக்கிப் போட வேண்டாம். கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், முதலில் தூர் வாரிப் பார்ப்போம் அல்லவா? இதுவும் அப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டியவை இரண்டு பொருள்கள். கூடவே ஒரு சின்ன யு.பி.எஸ். ஆனால், பணம் செலவழிக்கும் முன்பு முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பு, இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை: கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். இன்னொரு நகலை, குழுவில் வேறொருவர் வீட்டில் இருக்கும் பென் டிரைவிலோ, இ-மெயிலிலோ வையுங்கள். ஃபைல் ஒருமுறை கெட்டுவிட்டது என்றால், ஹார்டு டிஸ்க்கும் பழுதாகிக்கொண்டு இருக்கலாம். நகல் கையில் இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

லெனோவா, டெல், ஹெச்.பி போன்ற நிறுவனங்கள் பெரிய அலுவலகங்களுக்காகத் தயாரித்தவை இந்த மினி கம்ப்யூட்டர்கள். நீள அகலம் சுமார் 18 சென்டிமீட்டர், உயரம் மூன்றரை சென்டிமீட்டர். அலுவலகங்கள் சில வருஷங்கள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழிக்கும்போது, அவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துசேர்கின்றன. உங்களுடைய ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர் 2015-ல் வந்தது. கணக்கு எழுத, பட்டா, சிட்டா இறக்கிக்கொள்ள, கடிதம் அடிக்க அதன் வேகம் இன்றைக்கும் தாராளமாகப் போதும். தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ரேம் என்பது நெல்லைக் கொட்டும் களம் மாதிரி. ஹார்டு டிஸ்க் என்பது பத்தாயம். வேலை நடப்பது களத்தில், சேமிப்பது பத்தாயத்தில். உங்கள் களம் 4 ஜி.பி. விண்டோஸ் 10 தனக்கென்றே அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இடம் போதாதபோது, களத்தில் இருப்பதை அள்ளிப் பத்தாயத்தில் போடுவதும், திரும்ப எடுத்துவருவதுமாக கம்ப்யூட்டர் அல்லாடும். பத்தாயமோ சுழலும் தட்டு வகை ஹார்டு டிஸ்க். தட்டு சுழன்று, முள் நகர்ந்துதான் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க வேண்டும். டீ குடிக்கும் நேரம் அங்கேதான் போகிறது.

கரன்ட் போனால், களத்தில் இருப்பது அப்படியே அழிந்துவிடும். பத்தாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது பாதியில் நின்றால், ஃபைல் கெட்டுவிடும். உங்கள் கடலைக் கணக்குக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

முதல் மாற்றம்: எஸ்.எஸ்.டி

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி போட்டால், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். இதில் சுழலும் தட்டு கிடையாது. சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்.பி படித்தால், சாட்டா வகை எஸ்.எஸ்.டி 500 எம்.பி-க்கு மேல் படிக்கும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. உங்கள் வேலைக்கு 240 அல்லது 256 ஜி.பி போதும்.

வாங்கும்போது கவனம். இப்போது உங்கள் ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில், அதே இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி நேராகப் பொருந்தும். சில மாடல்களில் மதர்போர்டின் மேல் எம்.2 என்ற இடமும் இருக்கும். சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும் எஸ்.எஸ்.டி-யை அதில் செருகலாம். அந்தப் பட்டையிலும் சாட்டா, என்.வி.எம்.இ என்று இரண்டு ரகம். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்றுக்கு மட்டும் வேலை செய்யும் இடத்தில் மற்றதைப் போட்டால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. நான் ஒருமுறை கடைக்காரர் பேச்சை நம்பி மாற்றி வாங்கிவந்து, அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி பஸ் ஏறியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால், இரண்டரை அங்குல சாட்டாவையே வாங்குங்கள். உங்கள் தேவைக்கு அந்த வேகம் போதும்.

இரண்டாவது மாற்றம்: ரேம்

மினி கம்ப்யூட்டரில் லேப்டாப்பில் போடும் குட்டை ரேம்தான் பொருந்தும். பெரும்பாலும் இரண்டு செருகும் இடங்கள் இருக்கும். ஒன்று காலியாக இருந்தால், 8 ஜி.பி ஒன்று வாங்கிச் செருகினால் மொத்தம் 12 ஜி.பி ஆகிவிடும்.

ஆறாம் தலைமுறையில் பெரும்பாலான மாடல்கள் டி.டி.ஆர்.4 ரேம் எடுக்கும். சில மாடல்கள் டி.டி.ஆர்.3எல் எடுக்கும். பள்ளம் இருக்கும் இடம் வேறு என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. எனவே, உள்ளே இருக்கும் ரேமை வெளியே எடுத்து, ஸ்டிக்கரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்டிக்கரில் பி.சி.4 என்று இருந்தால் டி.டி.ஆர்.4, பி.சி.3எல் என்று இருந்தால் டி.டி.ஆர்.3எல். ரேம் விலை அடிக்கடி ஏறி இறங்கும் என்பதால், இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வாங்குங்கள்.

எப்படித் திறப்பது?

1. கம்ப்யூட்டரை முறையாக நிறுத்துங்கள். அடாப்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

2. கை ஈரமில்லாமல், பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துவிடலாம்.

3. பெரும்பாலான மாடல்களில் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூதான். கழற்றிவிட்டு மூடியை முன்னால் தள்ளினால் வந்துவிடும். ரேம் சிலவற்றில் மேலேயும், சிலவற்றில் அடிப்பக்க மூடிக்குள்ளும் இருக்கும்.

4. ரேமைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால், இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று பிடிக்கும். பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தால், ஏதோ தவறு என்று அர்த்தம். எடுத்துப் பாருங்கள்.

5. திறந்ததுதான் திறந்தீர்கள், ஃபேனில் படிந்திருக்கும் செம்மண் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

6. நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர்.2032. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறது என்றால், அதை மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் அரசு இணையதளங்கள், வங்கித் தளங்கள் எல்லாம் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுக்கும். பலர் இதற்காகவே கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எறியாதீர்கள். புதிய எஸ்.எஸ்.டி-யில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை, அப்படியே பத்திரமாக இருக்கட்டும்.

முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம்

விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளும் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை தேவை. உங்களுடையது ஆறு. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், குழுவின் கணக்கு இருக்கும் இயந்திரத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

அப்படியானால் இரண்டு வழிகள். உங்கள் வேலை கணக்கு அட்டவணை, கடிதம், இணையம் மட்டும்தான் என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டரிலும் லேசாக ஓடும். அப்டேட் தொடர்ந்து வரும். லிப்ரே ஆபீஸில் கணக்கு எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையிலும் தட்டச்சு செய்யலாம்.

ஆனால், குழுவில் டேலி போன்ற கணக்கு மென்பொருள், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அவை பெரும்பாலும் விண்டோஸை நம்பியே இருக்கின்றன. உங்கள் ஆடிட்டரிடமும், மென்பொருள் கொடுத்தவரிடமும் கேட்காமல் லினக்ஸுக்கு மாறாதீர்கள். அப்போது எட்டாம் தலைமுறை மினி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பார்ப்பதுதான் சரி. அதிலும் ஒரு ஆறுதல் இருக்கிறது. இன்று வாங்கும் எஸ்.எஸ்.டி-யைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். உங்களுடையது டி.டி.ஆர்.4 என்றால், ரேமும் அப்படியே போகும். ஒருவேளை டி.டி.ஆர்.3எல் ஆக இருந்து, விண்டோஸும் கட்டாயம் என்றால், ரேமுக்குச் செலவழிக்காமல் எட்டாம் தலைமுறைக்கே நேராகப் போய்விடுங்கள்.

கரன்ட் போனால்?

மினி கம்ப்யூட்டரின் பெரிய நன்மை, மின்சாரம் குறைவாக எடுப்பது. சாதாரண வேலையில், திரையையும் சேர்த்தே சுமார் 40 வாட்தான். தினமும் ஆறு மணி நேரம் ஓடினாலும், மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். 600 வி.ஏ யு.பி.எஸ் ஒன்று வைத்தால், பேட்டரி நன்றாக இருக்கும்வரை கொஞ்ச நேரம் தாங்கும். ஃபைலைச் சேமித்து, முறையாக நிறுத்த ஐந்து நிமிஷமே போதுமே! பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்ஸில் சொருகாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் கணக்குச் சொல்லும்போது, இதையும் பேசி எழுதிவையுங்கள்: எதை மாற்றினோம், என்ன விலை, பில் எங்கே, நகல் யாரிடம். ‘என் கடலைக்கு எவ்வளவு வரவு?’ என்று உறுப்பினர் கேட்கும்போது, உடனே எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தச் செலவு.

“எங்கள் வீட்டில், பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் கிடக்கிறது. அதன் ரேமையும் ஹார்டு டிஸ்க்கையும் மினி கம்ப்யூட்டரில் போடலாமா?”

- வாசகர் ஒருவர், காரையூர்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. அந்தக் காலத்து லேப்டாப்களில் இருப்பது டி.டி.ஆர்.3 குடும்பம். உங்கள் மினி டி.டி.ஆர்.4 என்றால், அந்த ரேம் நுழையவே நுழையாது. மினி டி.டி.ஆர்.3எல் வகையாக இருந்து, லேப்டாப் ரேமிலும் பி.சி.3எல் என்று அச்சிட்டிருந்தால் போடலாம். வெறும் பி.சி.3 என்றால் வேண்டாம், அது 1.5 வோல்ட், இது 1.35 வோல்ட். ஹார்டு டிஸ்க் இரண்டரை அங்குலம்தான், பொருந்தும். ஆனால், அதே பழைய வேகம்தான் கிடைக்கும். அதற்கென்று இருக்கும் யு.எஸ்.பி உறை ஒன்றை வாங்கி, அதில் போட்டு நகல் எடுத்துவைக்கும் டிஸ்க்காகப் பயன்படுத்துங்கள். ஒரே நகலாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

“செகண்ட் ஹேண்ட் மினி கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். கடையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?”

- வாசகர் ஒருவர், திருமயம்.

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, ஆன் செய்து பார்க்காமல் வாங்காதீர்கள். பிராசஸர் எட்டாம் தலைமுறையா என்று பாருங்கள்; ஐ5-8500டி என்றால், கோடுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. பயாஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு கேட்டால், வேண்டாம் என்று வந்துவிடுங்கள்; அதை எடுப்பது பெரும்பாடு. விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அந்த மாடலுக்கு உரிய அடாப்டரோடுதான் வாங்க வேண்டும். பலவற்றில் வைஃபை கார்டு இருக்காது. டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்தால், டிவியிலோ பழைய மானிட்டரிலோ இணைக்கத் தனி கன்வெர்ட்டர் தேவை. இவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு பேரம் பேசுங்கள். பில்லும், ஒரு மாதமாவது மாற்றித் தரும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.