உப்பு எறியும் குயவர்



ஊறுகாய் ஜாடி இல்லாத வீடு நம் பங்குகளில் உண்டோ? உப்பும் புளிப்பும் ஆண்டுக்கணக்கில் ஊறினும் அதன் உட்புறம் அரிபடுவதில்லை. கல்லென இறுகுமாறு சுட்ட களிமண் அது. அவ்வினத்துக் கலங்களுக்கு மெருகேற்றும் வழிகளுள் ஒன்றை ஜெர்மனியின் ரைன் ஆற்றுப்பகுதிக் குயவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டனர். அங்கே மெருகாவது நாம் குழம்பில் இடும் அதே உப்பு!

சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1250 பாகை செல்சியசை எட்டும் வேளையில், குயவர் துளைகளின் வழியே உப்பை உள்ளே எறிகின்றார். அது படபடவென வெடித்து ஆவியாகின்றது. ஆவியிலுள்ள சோடியம் களிமண்ணின் மணற்சத்தோடு கூடி, கலத்தின் மேலேயே கண்ணாடியாகப் படிகின்றது. ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற நுண்ணிய புள்ளிகள் அதன் அடையாளம். தீநாக்கு தழுவிய பக்கம் மினுங்கும். மறைவான பக்கம் வறண்டிருக்கும். சூளைச் சுவருக்கும் மெருகேறுகின்றது; அதே உப்பு நாளடைவில் செங்கல்லை அரித்தும் விடுகின்றது.

ரைன் குயவர் தாடி முகம் பதித்த சாடிகளையும் இவ்வாறு சுட்டனர். இங்கிலாந்தில் அவற்றுக்குப் 'பெல்லார்மின்' என்று பெயர். நம் கர்தினால் ராபர்ட் பெல்லார்மினை எள்ளி நகையாட இட்ட பெயர் என்பர். ஆனால், அவர் புகழ்பெறுமுன்பே தாடிச் சாடிகள் இருந்தன. 1930-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. சாடியின் பெயரும் நிலைத்துவிட்டது!

உப்புச் சூளையின் புகை எளிதானதன்று. உப்பிலுள்ள குளோரின் நீராவியோடு சேர்ந்து அமிலமாகி வெண்புகையாய் எழும். ஆகவே அண்டை வீடுகள் நெருங்கிய நகரத்தில் அதற்கு இடமேது? இன்று குயவர் பலர் உப்புக்குப் பதிலாகச் சோடாவை எறிகின்றனர்.

மைக்கேல் காசன் என்னும் ஆங்கிலேயக் குயவர் 1963-இல் விக்டர் மார்கிரியுடன் இணைந்து ஹாரோ நகரில் மட்பாண்டப் பயிற்சி வகுப்பை நிறுவியவர், 1976-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் இக்கலையை விளக்கியவர். 1977-இல், ஐம்பது கடந்த வயதில், மனைவி ஷீலாவுடன் ஹெரிபோர்டுஷயர் நாட்டுப்புறத்து வோபேஜ் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். (அவ்வயதில் மாற்றல் கடிதம் வந்தால் நமக்கு முழங்கால் நடுங்கும்!) ஷீலாவும் குயவரே. 2003-இல் இறக்கும்வரை காசனுக்கு அதுவே பணிக்களம். பிறர்க்குக் கற்பித்துப் பெயர்பெற்றவர், தம் சொல்லுக்கு முற்றும் அடங்காத உப்புச் சூளையை அங்கு விரும்பி ஏற்றார்.

உப்பெறியும்போது குயவர் கம்பியால் சிறு மண்வளையமொன்றை வெளியே இழுத்து, மெருகு போதுமா எனப் பார்ப்பதுண்டு. அவ்வளையம் சொல்வது தான் இருந்த மூலையின் செய்தியை மட்டுமே. வாரக்கணக்கில் வனைந்த மற்றவை என்னவாயின என்பதை, சூளை ஆறி வாயிற் செங்கற்களைப் பெயர்த்த பின்னரே அவர் அறிவார்.