நாற்று நட்ட கை தட்டச்சும் அடிக்கும்!

“சர்க்கார் ஆபீஸ் உத்தியோகமெல்லாம் நம் பிள்ளைகளுக்கா கிடைக்கப் போகிறது?” ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இந்தக் கேள்வி நம் காதில் விழாத நாளில்லை. கேட்பவர் சலித்துப்போய்க் கேட்கிறார். நமது பதில் இதுதான்: கிடைக்கும். ஆனால் தானாகக் கிடைக்காது. தரகன் வாங்கித் தரவும் மாட்டான்.

விஷயத்தைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் பதவியும் அடக்கம். படிப்புக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கூடவே தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும்: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர். இதற்கான பரீட்சையைத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துகிறது.

லோயர் என்றால் நிமிஷத்துக்கு 30 வார்த்தை. ஹையர் என்றால் 45. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு. ஆகவே பத்து நிமிஷத்தில் லோயருக்கு 1,500 தட்டு, ஹையருக்கு 2,250 தட்டு.

இந்தக் கணக்கைக் கேட்டு மலைக்க வேண்டாம். நூற்பாலையில் அறுந்த இழையைச் சேர்க்கும் தொழிலாளி தன் விரலைப் பார்த்துக்கொண்டா சேர்க்கிறார்? நாற்று நடும் பெண் ஒவ்வொரு முடிக்கும் இடம் அளந்தா நடுகிறார்? கை பழகிவிட்டது, கண்ணுக்கு அங்கே வேலையில்லை. தட்டச்சும் அப்படித்தான். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தானே எழுத்தைத் தேடிப் போக வேண்டும். இது பணக்காரன் வீட்டு மூளைக்கு மட்டும் வசப்படும் வித்தையல்ல. உழைக்கும் கைக்குப் பழக்கமான வித்தை.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் தவறிப் போகிறார்கள்?

நமக்குத் தெரிந்த ஓர் ஆலைத் தொழிலாளியின் மகள் காலை ஆறு மணிக்கே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ப் பழகினாள். அப்பாவுக்கு ஆலையில் லே-ஆஃப் வந்தது. இரண்டு மாதம் பீஸ் கட்ட முடியவில்லை; பயிற்சி நின்றது. பரீட்சையில் கை தடுமாறியது. “அதிர்ஷ்டம் இல்லை” என்றார்கள் அக்கம்பக்கத்தார். அதிர்ஷ்டமா? இல்லை! அவளுக்கு இல்லாமற் போனது இரண்டு மாதப் பீஸ். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதே இரண்டு மாதத்தில் தினமும் இரண்டு மணி நேரம் பழகியிருக்கும். விரலில் வித்தியாசமில்லை, வசதியில்தான் வித்தியாசம்.

பயிலும் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் அடிப்பதைவிட, தினமும் ஒரு மணி நேரம் அடிப்பது மேல். முதலில் பிழையில்லாமல் அடியுங்கள். வேகம் பின்னால் வரும். பிழைக்கு மதிப்பெண் போகும். தமிழ் இயந்திரத்தில் புள்ளி விசை நகராத விசை. ‘க்’ என்று அடிக்கப் புள்ளியை முன்னால் தட்டி, ‘க’வைப் பின்னால் தட்ட வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே கைக்குப் பழக்குங்கள். கடிதமும் பட்டியலும் அமைத்து அடிக்கும் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். சான்றிதழ் வந்ததும் வேலை வந்துவிட்டது என்று இருந்துவிடவும் வேண்டாம். 200 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு இருக்கிறது. அதற்கும் இப்போதே படியுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். “இவ்வளவு கொடுத்தால் உத்தியோகம்” என்று வருகிறவனை வாசற்படி ஏற்றாதீர்கள். 2019ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு நடந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் முழுதும் தேர்வாணையத் தேர்வு எழுதத் தடை விதித்தார்கள். மாட்டை விற்று, தாலிக்கொடியை அடகு வைத்துத் தரகனிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், பிள்ளை இரண்டு மொழியிலும் ஹையர் வரை படித்துவிடும்.

சர்க்காரைக் கேட்க வேண்டியதும் உண்டு. காலியிடங்களை ஒப்பந்த ஆட்களை வைத்து ஒப்பேற்றாமல், நிரந்தர வேலையாக நிரப்ப வேண்டும். கிராம நூலகங்களில் பயிற்சிக்கு இயந்திரம் வைக்க வேண்டும்; ஏழைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணத்தை நீக்க வேண்டும். நியாயமான இந்தக் கோரிக்கைகளை ஓயாமல் எழுப்புவோம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? தோழர்களே, சங்கக் கட்டடங்கள் பல மாலை வேளையில்தான் திறக்கின்றன. காலையில் அங்கே இரண்டு இயந்திரங்களைப் போடுவோம். விலைக்கு விடும் பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடிப்போம். வேலையில்லாத மாதத்தில் பிள்ளைகளின் பீஸ் நின்றுபோகாமல் உண்டியல் வசூலில் ஒரு பங்கை ஒதுக்குவோம். ஆலைச் சங்கு ஊதும்போது நம் பெண்களின் தட்டச்சு ஓசையும் கேட்கட்டும்!