‘இட்’ என்னும் கடன்

பால் கிரஹாம் 1993-இல் ‘ஆன் லிஸ்ப்’ நூலில் பரப்பிய சுட்டுப்பெயர் மேக்ரோக்கள், எழுதுபவரின் சுமையைப் படிப்பவர் தலையில் ஏற்றுகின்றன. ‘ஏஇஃப்’ சோதித்த மதிப்பு, கேளாமலே ‘இட்’ என்னும் பெயரைப் பெறுகிறது. ஒன்றனுள் மற்றொன்று அமைந்தால் உள் ‘இட்’ வெளி ‘இட்’டை மறைக்கும், பிழைச்செய்தி ஏதும் வாராது.

இயல்மொழியிலும் ‘அது’ உண்டே என்பர். அங்கே பொருந்தாப் பொருளைக் கேட்பவர் விலக்குவார். இங்கே கணினி அண்மையதையே கொள்ளும்.

பாணினியின் அனுவிருத்தியும் இத்தகைய சிக்கனமே. அதிகாரத்தைச் சுட்டிய சுவரிதக் குறிகள் ஏட்டு மரபில் மறைந்தன. முன்சூத்திரச் சொல் எதுவரை தொடரும் என்றறியத் திருப்பதித் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் வியாகரணம் பயில்வோரும் காசிகை போன்ற உரைகளையே நாடவேண்டியுள்ளது. பாணினிக்கு உரைகாரர் வாய்த்தனர். ஆய்வகத்து நிரலுக்கு எவர் வாய்ப்பார்?

ஒரே வரியில் முடியுமிடத்தில் ‘இட்’ இருக்கட்டும். அதற்கப்பால் ‘லெட்’ இட்டுப் பெயர் சூட்டுவதே முறை.