பழுது என்று எழுதும் முன்…

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

‘கெட்டுப் போய்விட்டது’ என்பதைப் போல எளிதில் சொல்லிவிடக்கூடிய தொடர் தமிழில் வேறில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கெட்டுப் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாவிட்டால் கெட்டுப் போய்விட்டது. அவ்வாறு சொன்னதும் நம் கடமை முடிந்தது. பொருள் பரணுக்குப் போகும். நம் கல்லூரியின் எலெக்ட்ரானிக் டிரம்ஸும் இப்படித்தான், ‘பழுது’ என்று எழுதிய அட்டையைச் சுமந்துகொண்டு, இரண்டு ஆண்டுகளாகப் பொருள் வைப்பறையில் கிடக்கிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கலைவிழாவிற்கு ஆண்டுதோறும் வாடகைக்குக் கருவி எடுக்கிறோம். அந்த வாடகை மாணவர்களின் கைக்காசு. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றுண்டு. வரலாற்றுத் துறையில் பயிலும் என் நண்பன் சிறு வயது முதல் பறை அடித்துப் பழகியவன். அவன் கைவேகத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். டிரம்ஸ் பழக வேண்டும் என்பது அவன் ஆசை. இத்தகைய கருவியை விலைக்கு வாங்கும் வீட்டில் அவனும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை. கல்லூரியில் இருக்கும் மூன்றாண்டுகள்தாம் அவனுக்குக் கிடைத்த காலம். அதில் இரண்டை அந்த அட்டை தின்றுவிட்டது.

இனி, அந்தக் கருவிக்கு உண்மையில் என்ன நோய் என்று பார்ப்போம்.

எலெக்ட்ரானிக் டிரம்ஸில் நாம் அடிக்கும் தட்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. தட்டின் அடியில் ஒரு பீசோ வில்லை ஒட்டப்பட்டிருக்கும். பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டறிந்தார்களே, அதே பீசோ மின்விளைவுதான். நாம் அதை மீயொலிப் பாடத்தில் ஒரு பெரிய வினாவாக மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்தும்விட்டோம். அடி விழுந்ததும் வில்லை சிறு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அது கம்பி வழியே பெட்டிக்குச் செல்கிறது. பெட்டி அதன் உச்சத்தை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி, அந்த வலிமைக்கு ஏற்ற ஓசையைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கிறது. ஆக, தட்டு, கம்பி, பெட்டி, ஒலிபெருக்கி என நான்கு இடங்கள். நோய் எங்கே என்று கேளாமல் எல்லாரும் பெட்டியின் மேலேயே பழி போடுகிறார்கள். பொத்தான்கள் இருப்பது அதில்தானே!

துறைப் பேராசிரியர் ஒருவரின் அனுமதியோடு நாங்கள் மூவர் ஒரு சனிக்கிழமை அதை எடுத்துப் பொருத்திப் பார்த்தோம். முன்பு நகரத்துக் கடை ஒன்றில் காட்டியபோது பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் சிம்பல்களின் மேல்தான். (சிம்பல் என்றால் நம் ஊர் ஜால்ராவின் பெரிய உறவினர். ஜால்ராவுக்கு வேறொரு பொருளும் உண்டு. இக்கட்டுரைக்கு அது வேண்டாம்.) சிம்பல் தட்டில் பொதுவாக இரண்டு உணரிகள் இருக்கும். நடுப்பரப்புக்குப் பீசோ, விளிம்பிற்கு மெல்லிய பட்டை போன்ற ஓர் அழுத்து சுவிட்ச். விளிம்பை விரலால் பிடித்தால் ஓசை அடங்குவதும் அந்தச் சுவிட்சால்தான். இந்த இரண்டு செய்திகளும் ஒரே கம்பியில் போக வேண்டுமானால் அதன் செருகியில் நுனி, வளையம், உடல் என மூன்று தொடர்புகள் தேவை. கிட்டாருக்குப் போடும் கம்பியில் இரண்டே உண்டு. வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்: செருகியில் ஒரு கறுப்புக் கோடு இருந்தால் இரண்டு தொடர்பு, இரண்டு கோடுகள் இருந்தால் மூன்று. ஒரு கோட்டுச் செருகியைப் பெட்டியில் செருகினால் வளையமும் உடலும் ஒன்றாகிவிடும். விளிம்புச் சுவிட்சை யாரோ அழுத்திக்கொண்டே இருப்பதாகப் பெட்டி நினைக்கும். நடுவில் அடித்தாலும் விளிம்பு ஓசை கேட்கும், அல்லது எழுந்த ஓசை உடனே அறுந்துவிடும். எப்படி என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். நம் கருவியின் வலப்பக்கச் சிம்பலுக்கு நேர்ந்தது இதுதான். எப்போதோ கம்பி தொலைந்தபோது யாரோ கையில் கிடைத்த கிட்டார் கம்பியைச் செருகியிருக்கிறார்கள். மூன்று தொடர்புக் கம்பியை மாற்றினோம், சிம்பல் பாடிற்று.

எல்லாத் தட்டுகளிலும் விளிம்பு உணரி வட்டம் முழுவதும் இருப்பதில்லை. பலவற்றில் வாசிப்பவர் பக்கமுள்ள பகுதியில் மட்டுமே இருக்கும். தட்டு தாங்கியில் சுழன்றுவிட்டால் உணரியில்லாத பக்கம் நம் முன்னே வந்து நிற்கும். அதைத் தடுக்கத்தான் தாங்கியில் ஒரு சிறு ரப்பர்க் கட்டை தருகிறார்கள். அது தொலையாத கருவி அரிது! விளிம்பைக் குச்சியின் நுனியால் தட்டிவிட்டு ஓசை வரவில்லை என்பவர்களும் உண்டு. அங்கே குச்சியின் தோள்பட்டையால் அடிக்க வேண்டும். நடுக்குமிழும் பேசும் மூன்று பகுதிச் சிம்பலானால் இன்னொரு சிக்கல். யமஹாவின் சிம்பல் மூன்றையும் ஒரே கம்பியில் அனுப்பும், ரோலண்டின் சி.ஒய்.-15ஆர் போன்றவற்றிற்கு இரண்டு கம்பிகள் வேண்டும். ஒருவர் தட்டை மற்றவர் பெட்டியில் பொருத்தினால் குமிழ் ஊமையாவது பழுதன்று, மொழி புரியாமை.

இரண்டாவது சிம்பலின் குற்றம் வேறு. ஒருமுறை அடித்தால் இரண்டு ஓசை. அடி விழுந்ததும் எழும் மின்னலை ஓரிரு மில்லிநொடியில் உச்சத்தைத் தொட்டுவிடும். ஆனால் அடங்குவதற்குள் பலமுறை துள்ளும். அந்தத் துள்ளலை இன்னோர் அடியென்று பெட்டி எண்ணினால் இரட்டை ஓசை. இதற்கு மருந்தாக, முதல் அடிக்குப் பின் குறிப்பிட்ட நேரம் வரை எதையும் கேளாதே என்று பெட்டிக்குச் சொல்லலாம். ‘மாஸ்க் டைம்’ என்பார்கள். ரோலண்டு பெட்டிகளில் இது 0 முதல் 64 மில்லிநொடி வரை. நோய் தீர்ந்தால் போதுமென்று பலர் இதை உச்சத்திற்கே ஏற்றிவிடுகிறார்கள். விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 120 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி. அதற்குள் நான்கு அடி அடித்தால் இடைவெளி 125. எட்டு அடித்தால் 62.5. 64 மில்லிநொடி காதை மூடிக்கொண்ட பெட்டி, அந்த எட்டில் பாதியை விழுங்கிவிடும்! என் நண்பனைப் போல வேகக் கை உடையவன் வாசித்தால், ‘இவனுக்குத் தாளம் நிற்கவில்லை’ என்று கேட்பவர் சொல்வார்கள். கருவியின் குற்றம் கலைஞன் தலையில் விடியும்.

நம் பெட்டியில் இந்த அளவு சரியாகவே இருந்தது. தவறாக இருந்தது தட்டின் வகை. எந்த மாதிரித் தட்டு செருகப்பட்டுள்ளது என்று பெட்டிக்கு அறிவிக்க வேண்டும். யாரோ சிம்பலுக்குப் பதில் வேறொரு தட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்கேற்ற அளவுகளோடு பெட்டி காத்திருந்தது. பெயரை மாற்றியதும் இரட்டை ஓசை நின்றது.

மூன்றாவது சிம்பல் உண்மையிலேயே பழுது. நல்ல கம்பி, சரியான வகை, வேறு துளை என எல்லாம் மாற்றிப் பார்த்தும் விளிம்பு பேசவில்லை. பட்டைச் சுவிட்ச் அறுந்திருக்கிறது. நடுப்பரப்பு நன்றாக ஒலிக்கிறது. ஆகவே வாங்க வேண்டியது ஒரே ஒரு தட்டு, பெட்டியன்று.

இதில் எங்கள் மேதைமை எதுவும் இல்லை. என் தந்தை சைக்கிள் பழுதுபார்ப்பவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. காற்று இறங்கிய வண்டி வந்தால் அவர் எடுத்த எடுப்பில் டயரைக் கழற்றமாட்டார். காற்றை அடித்து, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்பார். குமிழி வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. “வெளியில இருக்கறத முதல்ல பாருடா, உள்ள இருக்கறது எங்கயும் போயிடாது” என்பார். கம்பியை மாற்றிப் பார். பிறகு ஒரு தட்டின் கம்பியைக் கழற்றி அடுத்த தட்டில் செருகிப் பார். குற்றம் தட்டோடு போகிறதா, துளையோடு நிற்கிறதா என்று கவனி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நாங்கள் செய்தது இவ்வளவே. மாறாக, நம்மவர் முதலில் தேடுவது ‘தொழிற்சாலை நிலைக்குத் திருப்பு’ என்ற கட்டளையை. அது, முன்னவர்கள் பல இரவுகள் உட்கார்ந்து சேர்த்து வைத்த ஓசை அமைப்புகளையும் சேர்த்தே அழித்துவிடும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நம் செய்முறை வகுப்புகளில் எல்லாக் கருவிகளும் முன்பே சரிபார்த்து மேசையில் வைக்கப்படுகின்றன. முள் அசையாவிட்டால் ஆய்வக உதவியாளர் வந்து ஏதோ ஒரு கம்பியைத் தொடுகிறார், அசைகிறது. அவர் என்ன செய்தார் என்று நாம் கேட்பதில்லை, பதிவேட்டில் எழுதுவதுமில்லை. பட்டம் பெற்று வெளியேறும்போது ஓடும் கருவியில் அளவெடுக்க மட்டுமே நமக்குத் தெரிந்திருக்கும். பருவத்திற்கு ஒரு வகுப்பாவது, ஓடாத கருவி ஒன்றை மேசைமேல் வைத்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லலாகாதா? மதிப்பெண்ணும் அதற்கே தரலாம்.

மாணவர் கைபட்டால் இருப்பதும் கெடும் என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். நியாயமான அச்சம்தான். நாங்கள் எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை, ஒரு திருகையும் கழற்றவில்லை. மாற்றும் முன் இருந்த ஒவ்வோர் அளவையும் நோட்டில் குறித்துக்கொண்டோம். அந்த நோட்டைத் துறையில் ஒப்படைத்துள்ளோம்.

கருவியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. அதன் பழுது காணும் பகுதியைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதித் தர நாங்கள் மூவரும் முன்வந்திருக்கிறோம். ஒரு தட்டை அடித்தால் அதே சட்டத்தில் மாட்டிய பக்கத்துத் தட்டும் சேர்ந்து ஒலிக்கும் குற்றத்திற்கு மட்டும் நல்ல சொல் அமையவில்லை. ‘கிராஸ்டாக்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். ‘ஒட்டுக்கேட்டல்’ என்று வைக்கலாம் என்கிறான் வரலாற்றுத் துறை நண்பன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் தீர்ப்புச் சொன்னால் அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.