ரசீதைக் காட்டு!

ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற மனிதரிடம் திடீரென்று வந்து, 'நீ எந்தத் தேதியில் உள்ளே வந்தாய்? ரசீதைக் காட்டு' என்று கேட்டால் எப்படியிருக்கும்? அந்த ரசீதைக் கிழித்துப் போட்டதே கேட்கிற ஆசாமிதான் என்றால்?

லண்டனில் நடந்தது இதுதான்.

1948 ஜூன் 22. டில்பரி துறைமுகத்தில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து கரீபியன் தீவுக்காரர்கள் 800 பேருக்கு மேல் இறங்கினார்கள். உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு உழைத்தவர்கள் அதில் நிறையப் பேர். தங்க இடமில்லாத 200 சொச்சம் பேரை க்ளாபம் சவுத் ஸ்டேஷனுக்கு அடியில், குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டிய சுரங்கத்தில் படுக்க வைத்தார்கள். வேலைக்குப் பதிவு செய்ய அடுத்திருந்த பிரிக்ஸ்டனுக்குப் போனார்கள். அந்தப் பேட்டையே பின்னால் அவர்களுடைய ஊராகிவிட்டது.

'அழையா விருந்தாளிகள்' என்கிறது ஒரு கோஷ்டி. 'நாங்கள் பெருந்தன்மையாக அழைத்தோம்' என்கிறது இன்னொரு கோஷ்டி. இரண்டுமே புருடா. கப்பல் வந்த அன்றைக்கே, இந்த வருகையைக் கட்டுப்படுத்தச் சொல்லி 11 தொழிற்கட்சி எம்.பி.க்கள் பிரதமர் அட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். ஆனால் தடுக்கச் சட்டம் கிடையாது. வந்தவர்களும் அதே மன்னரின் பிரஜைகள். சொந்த வீட்டுக்குள் நுழைய யாராவது வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா, என்ன?

அப்புறம் அழைத்ததும் உண்டு. 1956-ல் லண்டன் டிரான்ஸ்போர்ட் பார்படாஸ் தீவுக்கே போய் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் எடுத்தது. பயணச் செலவுக்கு வாங்கிய கடனை வந்தவர்கள் தவணை கட்டி அடைத்தார்கள். ஓசியில் வரவில்லை, ஸார்!

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கலாம், ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றலாம். ராத்திரி தலை சாய்க்க அறை? 'கறுப்பர்களுக்கு இல்லை' என்று ஜன்னலிலேயே எழுதி வைத்தார்கள். வீடு, வேலை விஷயத்தில் அது குற்றம் என்று சட்டம் வர 1968 ஆயிற்று. அதுவரை நாட்டிங் ஹில்லில் பீட்டர் ராக்மன் மாதிரி ஆசாமிகள், ஒண்ட இடமில்லாதவர்களிடம் கொள்ளை வாடகை கறந்தார்கள். பாங்க் கடன் எளிதில் கிடைக்காது. என்ன செய்தார்கள்? சீட்டுப் பிடித்தார்கள். ஜமைக்காக்காரர்கள் அதை 'பார்ட்னர்' என்பார்கள். வாராவாரம் ஆளுக்கு இவ்வளவு, முறை வருகிறவருக்கு மொத்தப் பணம். அப்படித்தான் பல குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின.

1958-ல் நாட்டிங் ஹில் தெருக்களில் வெள்ளைக்காரக் கும்பல்கள் அவர்களை அடித்து விரட்டின. அடுத்த வருஷம் மே மாதம், அதே வட்டாரத்தில் கெல்சோ காக்ரேன் என்ற ஆன்டிகுவா தச்சுத் தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை கிடையாது.

இத்தனையும் தாங்கியவர்களுக்கு 1971-ம் வருஷச் சட்டம் ஒரு உறுதி தந்தது. 1973 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்கள் நிரந்தரமாக இருக்கலாம். நல்லது. கையில் ஒரு காகிதம் கொடுத்தார்களா? இல்லை. அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் வந்த குழந்தைகள், 'நாமும் இந்த ஊர்தானே' என்று வளர்ந்து, உழைத்து, வரி கட்டி, தாத்தா பாட்டியும் ஆனார்கள்.

2010-ல் அவர்கள் வந்திறங்கிய பழைய பதிவு அட்டைகளை உள்துறை அழித்தது. 2012-ல் அதே உள்துறை, சட்டவிரோதமாக இருப்பவர்களுக்கு எதிராகப் 'பகைச் சூழல்' உண்டாக்கப் போவதாக அறிவித்தது. வேலை வேண்டுமா, வாடகை வீடு வேண்டுமா, எதற்கும் காகிதம் கேட்டார்கள். வருஷவாரியாக அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். வேலை போனவர்கள் உண்டு, சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. குறைந்தது 83 பேரை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். 2018-ல் குட்டு உடைந்தது.

'எந்த நாடும் ஆவணம் கேட்கத்தானே செய்யும்?' என்பீர்கள். கேட்கட்டும். நான் படித்தது பி.காம். வவுச்சரை எரித்துவிட்ட ஆபீஸ், 'உன் கணக்கை நீயே நிரூபி' என்று வாடிக்கையாளரின் கழுத்தைப் பிடித்தால் அதற்குப் பெயர் தணிக்கை இல்லை. 'அந்த அட்டைகள் தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் ஆகாது' என்று உள்துறை சமாளித்தது. சரி, வந்த தேதிக்கு? அதைத்தானே முதலில் கேட்டீர்கள்!

அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமா செய்தார். 2012-ல் உள்துறை அமைச்சராக இருந்து 'பகைச் சூழலை' அறிவித்த தெரசா மே, 2018-ல் பிரதமராக இருந்து மன்னிப்புக் கேட்டார். 2019-ல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. பணம் வருவதற்குள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2022-ல் வாட்டர்லூ ஸ்டேஷனில் சிலை வைத்தார்கள். பெட்டிகளின் மேல் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு குழந்தை. அழகான சிலைதான். ஆனால் வயதான காலத்தில் ரசீது கேட்டு அலைக்கழித்தது அந்தக் குழந்தையைத்தான். முதலில் அதற்குச் சேரவேண்டிய பாக்கியைத் தீருங்கள். மாலை மரியாதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.