தாமிரபரணிக் கரையில் கோடை விடுமுறை

சித்திரை பிறந்து பள்ளிக்கூடக் கதவுகள் சாத்தப்பட்டவுடனே, சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் தாய் தந்தையரும், பல வீடுகளில் அவர்களைக் காட்டிலும் அதிகமாகத் தாத்தா பாட்டிமாரும், இந்த நீண்ட பகற்பொழுதை எதைக்கொண்டு நிரப்புவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். கையில் பணமும் அவகாசமும் உள்ளவர்கள் உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். ஏனையோர் கடைவீதியிலே அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் கைவேலைச் சாமான்களை வாங்கிவந்து, பசையும் ஜிகினாவும் வண்ணத்தாளும் தீருமட்டும் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார்த்தி வைக்கிறார்கள். இரண்டுமே அன்பினால் செய்யப்படும் காரியங்கள்தாம். ஆனால், ஊர் பார்ப்பது தனி, கைவேலை தனி என்று பிரிந்துபோனதால் இரண்டும் சுவை குன்றிவிட்டன என்பது என் திடமான அபிப்பிராயம். குழந்தை எந்த மண்ணை மிதிக்கிறதோ அந்த மண்ணையே பிசைய வேண்டும். எந்த மரத்தடியில் நிற்கிறதோ அந்த மரத்தின் ஓலையையே மடக்க வேண்டும். அப்பொழுதுதான் பிரயாணம் கண்ணோடு நின்றுவிடாமல் கைக்கும் வந்து சேரும்.

இதற்குத் திருநெல்வேலிச் சீமையைப்போல் வாய்ப்பான இடம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியாது. பிறந்த மண்ணின் மீதுள்ள பட்சபாதம் என்று யாரேனும் சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். நெல்லைச் சந்திப்பிலிருந்து மேற்கே செல்லும் ரயில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று மலையை நோக்கிப் போகிறது. 1923-இல் போடப்பட்ட கிழக்குப் பாதையோ ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகனேரி வழியாகத் திருச்செந்தூர்க் கடற்கரையில் போய் முடிகிறது. இரண்டு பாதைகளும் தாமிரபரணியை அதிகம் விட்டு விலகுவதில்லை. பாசஞ்சர் வண்டியின் கட்டணமும் சாமானியக் குடும்பத்துக்குப் பாரமாவதில்லை. காலை வண்டியில் போய், வெயில் உச்சிக்கு ஏறுமுன் ஒரு நிழலைப் பிடித்து அமர்ந்து, நடுப்பகல் முழுவதையும் கைவேலைக்கு விட்டுவிட்டு, வெயில் தாழ்ந்தபின் திரும்புவது என்று வைத்துக்கொண்டால், சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை காயும் கத்திரி வெயிலிலும் குழந்தைகள் வாடாமல் வீடு சேரலாம். அந்த நடுப்பகலை வீணாய்ப்போகும் பொழுது என்று நினைப்பவர்கள் உண்டு. விரல்கள் நிதானமாக வேலை செய்ய அதைவிட நல்ல பொழுது கிடையாது.

முதலில் மேற்கே. காருகுறிச்சி என்றால் சங்கீத ரஸிகர்களுக்கு அருணாசலம் அவர்களின் நாகஸ்வரம் ஞாபகத்துக்கு வரும். குழந்தைகளுக்கு அது பானை ஊர். திரிகை சுழல, அதன் நடுவில் கிடந்த களிமண் உருண்டை குயவரின் இரு கட்டைவிரல்களுக்கும் இடையே வாய் திறந்து, கழுத்து நிமிர்ந்து, ஒரு கலயமாக எழும்பி நிற்பதைப் பார்க்கும்போது, ஓயாமல் பேசுகிற குழந்தையும் பேச்சற்று நின்றுவிடும். பார்த்து முடித்ததும், கொஞ்சம் மண் கேட்டு வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு அதை உருட்டுவதும் தட்டுவதுமே போதும். ஆறேழு வயதானவர்கள் விளக்கு, யானை, அடுப்பு, அம்மி என்று தாங்களே ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: செய்ததை வெயிலில் வைக்கக்கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் சடுதியில் உலர்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. இந்த இழுபறியில் தடித்த இடமெல்லாம் வெடித்துவிடுகிறது. யானையின் கால் வெடித்துப்போனதைக் கண்டு என் பேரன் அழுதபோது, அதே காலை மெல்லிதாகச் செய்து பார் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவனே தன் தங்கைக்குக் காரணம் விளக்கிக்கொண்டிருந்தான். சுடாத மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிடிக்காத உருவத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டால் அது மறுபடியும் மண்ணாகிவிடும். குழந்தைக்குத் தோல்வி பயம் எழ அங்கே இடமே இல்லை.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தமடையில் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்துக் கீறி மெல்லிய பாய் நெய்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிறார்கள். இவற்றைக் குழந்தைகளால் செய்ய இயலாது; ஆனாலும் காட்ட வேண்டும். பாய்த் தறியைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைக்கு வண்ணத்தாளையோ தென்னங்கீற்றையோ நீளவாக்கில் கிழித்துக் கொடுத்து, ஒன்றன் மேலே, அடுத்ததன் கீழே என்று செருகச் சொன்னால், உள்ளங்கையளவு பாய் ஒன்று முடையாமல் எழுந்திருக்காது. சொப்புகளுக்கு விருந்து வைக்கும்போது அதுவே பந்திப்பாயாகவும் ஆகிவிடும்.

கிழக்கே போகும்போதுதான் என் மனம் உண்மையில் விரிகிறது. ஆற்றுப் பாசனத்தின் வாழையும் நெல்லும் பின்தங்கி, குரும்பூரைத் தாண்டித் தெற்கே திரும்பினால், பார்க்கும் திசையெல்லாம் பனை. உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இந்தப் பனைநாட்டுக்குக் கோடைதான் சுபிட்ச காலம். மற்ற பயிர்கள் கருகும்போது பனை பதநீர் சுரக்கிறது, நுங்கு தருகிறது. விடிவதற்குள் பனையேறி மரத்தில் இருப்பார். அவர் பாளையைச் சீவிக் கட்டியிருக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கும். அந்தச் சுண்ணாம்பு இல்லையேல் இனிப்பான பதநீர் சிறிது நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை விடிலி என்று அழைக்கப்படும் ஓலைக்குடிசையில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். கருப்பட்டி ஏன் எப்போதும் பாதித் தேங்காய் வடிவத்திலேயே இருக்கிறது என்ற கேள்வியைக் குழந்தைகளிடம் முன்னதாகவே போட்டுவைத்துவிட்டு இங்கே அழைத்து வந்தால், பதிலை அவர்களே கண்டுபிடித்துக் கூவுகிற ஆனந்தத்தை நாமும் அனுபவிக்கலாம்.

குழந்தைக்கு இங்கே முதலில் கிடைக்கும் கைவேலை, குடிக்கும் பாத்திரமே. நாங்கள் போயிருந்த பனை விளையில் ஒரு முதியவர், ஓர் அகன்ற பச்சை ஓலையை விரித்து, இரு நுனிகளையும் மடக்கி மேலே ஒன்றுசேர்த்து, ஓலை நாரினால் ஒரு முடிச்சுப் போட்டார். கண்மூடித் திறக்குமுன் அது ஒரு பட்டையாகிவிட்டது. அதில் பதநீரை ஊற்றி என் பேத்தியின் கையில் கொடுத்தார். பச்சை ஓலையின் மணம் கலந்த அந்தப் பானத்தைக் குடித்து முடித்ததும், அவள் முடிச்சை அவிழ்த்து, ஓலையை மடியில் பரப்பி, மறுபடியும் மடக்கப் பார்த்தாள். முதியவர் ஒரு சொல்லும் சொல்லாமல் தாம் இன்னோர் ஓலையை எடுத்து, அவள் கண்ணில் படும்படி மெதுவாக மடக்கிக்கொண்டிருந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனையோ பேரை நான் அறிவேன். இப்படிப் போதித்தவர்களை அதிகம் கண்டதில்லை.

பேரனுக்கு வேறு சந்தேகம். முதியவரிடம், "தாத்தா, இந்த மரத்துல மட்டும் ஏன் நுங்கே இல்ல?" என்று கேட்டான்.

"அது ஆம்பளப் பனை மக்கா. வெறும் பாளைதான் விடும். நுங்கு வேணும்னா பொம்பளப் பனைகிட்டதாம் போவணும்."

பதநீர் இரண்டிலும் இறங்கும், காய் பெண்பனையில்தான்; மேலும், ஒரு பனை ஆணா பெண்ணா என்பது அது பாளை விடும்வரை யாருக்கும் தெரியாது, அதற்குப் பத்து வருஷங்களுக்கு மேலாகும் என்று அவர் சொன்னதும், பையன் பக்கத்தில் நின்ற வடலி என்னும் இளம்பனைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

நுங்கு தின்றபின் வெறுங்காயை எறியக்கூடாது. ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு காய்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, ஒரு கவட்டைக் கம்பால் அந்தக் குச்சியைத் தள்ளினால் அதுதான் நுங்கு வண்டி. மூன்று வயதுக் குழந்தையும் ஓட்டலாம். ஓலைக் காற்றாடிக்குச் சற்று விரல் பழக வேண்டும். விரலகலத்தில் பச்சை ஓலைத் துண்டுகள் இரண்டை நறுக்கி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, ஒன்றன் மடிப்புக்குள் மற்றதைச் செருகி இழுத்தால் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கைகள் நிற்கும். கைகளை ஒரே பக்கமாக லேசாக முறுக்கிவிட்டு, நடுவில் ஒரு கருவேல முள்ளைக் குத்தி, முள்ளைச் சோளத்தட்டையின் நுனியில் ஏற்றிவிட வேண்டியதுதான். இதில் ரகசியம் முழுவதும் முள் நுழையும் துவாரத்தில் இருக்கிறது. அது இறுக்கமாக இருந்தால் காற்றாடி அசையாது. மிகவும் தளர்ந்தால் முள்ளிலிருந்து கழன்றுவிடும். முள்ளைச் சற்றே சுழற்றிச் சுழற்றித் துவாரத்தைப் பதப்படுத்தி, ஊதிப் பார்த்து, மறுபடியும் பதப்படுத்துகிற அந்தச் சில நிமிஷங்களில் குழந்தையின் முகத்தில் தோன்றும் ஏகாக்கிரதையை எந்தப் பாடப்புத்தகமும் வரவழைத்து நான் பார்த்ததில்லை. பனைமட்டையின் இருபுறமும் உள்ள கருக்கு அரிவாள் பல்லாகையால், ஓலையை மட்டையிலிருந்து கழித்துக் கொடுப்பதும், முள்ளை முதலில் குத்திக் கொடுப்பதும் பெரியவர்கள் பொறுப்பு.

பெரியவர்கள் பொறுப்பு அவ்வளவோடு நிற்கவும் வேண்டும். குழந்தை கோணலாக மடக்கிய ஓலையை நேராக்கவும், கோணல் யானைக்கு நேரான தும்பிக்கை வைக்கவும் நம்முடைய கை பரபரக்கிறது. அழகாக முடிந்த பொருளைப் படம் பிடித்து உறவினருக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்விதம் திருத்தப்பட்ட பொருளைக் குழந்தை ஒருபோதும் தன்னுடையதென்று கருதுவதில்லை. மூலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. கோணலான காற்றாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குகிற குழந்தை, அடுத்த காற்றாடியைத் தானே நேராகச் செய்துகொள்ளும்.

மணப்பாட்டுப் பெண்கள் சாயமேற்றிய ஓலையில் முடையும் பெட்டிகளைப் பார்த்துவிட்டுக் குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால், இரும்புச் சத்தினால் செந்நிறம் கொண்ட மணல்மேடுகளைக் காணலாம். அந்தச் செம்மணலில் ஒரு கைப்பிடியும், திருச்செந்தூர்க் கரையின் மணலில் ஒரு கைப்பிடியும் எடுத்து வந்து, அட்டையில் கஞ்சிப்பசை தடவித் தூவினால், சூரியனும் கடலும் கோபுரமும் எழுத வர்ணம் வாங்கவேண்டிய அவசியமில்லை. திருச்செந்தூரில், கடலுக்கு அத்தனை அருகில் இருந்தும் நன்னீர் ஊறும் நாழிக்கிணற்றை அந்தப் பிரயாணத்தில் காட்டாமல் வந்துவிடக்கூடாது.

வைகாசி முடியும் தறுவாயில், நாகர்கோவில் சாலை வழியே ஆரல்வாய்மொழிக்கு ஒருநாள் போய்வர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விட்டிருக்கிறது; தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயின் வழியே நெருக்கிக்கொண்டு புகுந்து, வேகம் மிகுந்து இந்தப் பக்கம் பாய்கிறது. அதை நம்பித்தான் முப்பந்தலைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் பெரும் காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள். தன் ஓலைக் காற்றாடியுடன் வண்டியைவிட்டு இறங்கிய பேரன், அது கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போவதுபோல் சுழன்றதும், அண்ணாந்து பார்த்து, "அதுக்கும் கையை முறுக்கித்தானே வச்சிருக்காங்க?" என்று கேட்டான். ஆமாம், காற்று சாய்வாக வழுக்கித் தள்ளுவதற்காகத்தான் அதன் இறகுகளும் திருகி அமைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளியில் இதைப் பின்னொரு நாள் கரும்பலகையில் எழுதுவார்கள்; அவனுக்கு அது பழைய செய்தியாக இருக்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடுகிறது என்பதற்காகப் பனையை மறந்துவிட வேண்டியதில்லை. கோடையில் வெட்டாமல் விட்ட காய்கள் ஆடி ஆவணியில் பழுத்துத் தாமே விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் பொறுக்கிச் சுட்டுத் தின்றுவிட்டு, கொட்டைகளை வீட்டுக் கொல்லையில் நெருக்கமாக அடுக்கி மண் மூடி, குழந்தைகளையே அவ்வப்போது தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். தைப்பொங்கலுக்கு முன்னால் தோண்டினால் கிழங்கு. சிலவற்றைத் தோண்டாமல் விட்டுவிட்டால் பீலி என்னும் முதல் ஓலை வெளியே வரும். அது ஆணா பெண்ணா என்று பேரன் இப்பொழுதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.